குடைக்கம்பியில் நின்ற விண்கலம்

ஒரு டீ வடிகட்டிக்காக அடி வாங்கியவர்கள் நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் வாங்கியிருக்கிறேன். ஆவடி குவார்ட்டர்ஸில், வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே, தோசைத் திருப்பியின் காம்பால் இரண்டு. வலி அன்றைக்கே போய்விட்டது. அந்த வடிகட்டி எங்கே போனது, அதனால் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்பது மட்டும் போகவில்லை. மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பழசு பேசும் வயதுக்கு நாம் எல்லோருமே வந்துவிட்டோம். என் பங்குக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். நான் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குக் காத்திருந்தேன். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீடு மதுரை, எதிர்வீடு நாகர்கோவில். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் சங்கு ஊதும், சைக்கிள்கள் ஆறு போல ஓடும், சாயங்காலம் சங்கு ஊதும், அதே ஆறு திரும்பி வரும். வாசல் கேட்டில் காவலர்கள் ஒவ்வொருவராகச் சோதித்து அனுப்புவார்கள். டிஃபன் கேரியரைக்கூட அடுக்கு அடுக்காகத் திறந்து காட்ட வேண்டும். ஒருநாள் அப்பாவின் சட்டைப்பையில் ஒரு சின்ன வாஷர் தங்கி வீடுவரை வந்துவிட்டது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு வந்தபிறகுதான் முகம் தெளிந்தது. அப்படிப்பட்ட மனிதர்.

அந்தக் கோடையில்தான் அக்கா பத்தாவது ஃபெயில் ஆனாள். இங்கிலீஷிலும் வரலாறு புவியியலிலும் போய்விட்டது. கணக்கில் எண்பதுக்கு மேல். ஆனால் ஃபெயில் என்ற சொல்லுக்கு முன்னால் எண்பது என்ன செய்யும்? ரிசல்ட் வந்த நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "அவளைத் தண்ணி எடுத்தாரச் சொல்லு" என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பாள். அம்மா ஊரிலிருக்கும் மாமாவுக்குக் கடிதம் போட்டுவிட்டாள். மாமா மகனுக்கு மளிகைக்கடை இருந்தது. "ஆடி முடியட்டும், ஆவணியில பேசி முடிச்சிடலாம்" என்று பதில் வந்தது. அக்காவுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, குவார்ட்டர்ஸ் மைதானத்தில் திரை கட்டி ஓர் இங்கிலீஷ் படம் போட்டார்கள். பெயர் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. பெரிய விண்கலம் ஒன்று நட்சத்திரங்களுக்கு நடுவே மெதுவாக மிதந்து வந்தது. வயிற்றுப்பக்கம் முழுக்கக் குழாய்களும் பெட்டிகளும் பொத்தல்களுமாக இருந்தன. தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த எனக்கு அது என் தலைமேலேயே போவதுபோல இருந்தது. அது ஏதோ ஒரு கிரகத்தின் மேடு பள்ளமான பாறை நிலத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. அடிப்பக்கத்தில் கதவு திறந்தது. அத்தோடு கரண்ட் போய்விட்டது.

வரவே இல்லை. அரைமணி நேரம் விசிலடித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள்:

"ஏன்டா, அது எப்படி நின்னிருக்கும்?"

"எது?"

"அந்தக் கப்பல். தரை ஒரே மேடும் பள்ளமுமா இருந்துதே. சக்கரம் வெச்சா உருண்டுடும். அப்படியே ஒக்காந்தா சாஞ்சிடும். எப்படி நின்னிருக்கும்?"

எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அதேபோல ஒன்று. "நமக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கா" என்றேன். ஒரு மாதமாக யாரும் அவளிடம் எதையும் அப்படிக் கேட்டிருக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தாள். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒன்று. அப்படி மூன்றாக வரைய வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. பிறகு வீட்டை ஒரு புதுக் கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். தீர்ந்துபோன பவுடர் டப்பாக்கள் இரண்டை வாயோடு வாய் வைத்தால் உடம்பு. மண்ணெண்ணெய் ஊற்றும் ஓட்டைப் புனல் மூக்கு. டார்ச் லைட்டின் முகப்புக் கண்ணாடி விமானி உட்காரும் அறை. திரி ஸ்டவ்வின் உள்ளே இருக்கும் பொத்தல் போட்ட தகரக் குழாய், கரி சுரண்டிக் கழுவியபின், அந்தப் படத்தில் வந்த எஞ்சினைவிட எஞ்சின் போல இருந்தது. பேனா மூடி, பற்பசை மூடி, ஊசிமருந்துக் குப்பியின் அலுமினியத் தொப்பி, அம்மாவின் உடைந்த சீப்பு, எல்லாமே ஏதோ ஒரு கருவியாக மாறின. அந்த நாட்களில் அக்கா வீட்டுக்குள் நடப்பதே வேறு மாதிரி இருந்தது. ஏதாவது ஒரு பொருளைக் கையில் எடுப்பாள், திருப்புவாள், கண்ணுக்கு நேராகப் பிடிப்பாள். "இது என்னவா ஆவும் சொல்லு?" என்பாள்.

டீ வடிகட்டி மட்டும் தீர்ந்துபோன பொருள் அல்ல. வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கிண்ணிபோல வளைந்த அந்தக் கம்பிவலையைப் பார்த்த பிறகு வேறு எதையும் சமிக்ஞை வாங்கும் ஆன்டெனாவாக நினைக்க என்னால் முடியவில்லை. காம்பை நான்தான் ஒடித்தேன். மறுநாள் காலை அம்மா தேடினாள். என் முகமே சொல்லிவிட்டது.

"ஏன்டா, ஊட்ல கீற பொருளையெல்லாம் ஒடச்சி வெளையாட நீ இன்னா ராஜா ஊட்டுப் புள்ளையா?" தோசைத் திருப்பி இறங்கியது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் குழாயடியில் கற்றுக்கொண்ட மெட்ராஸ் பாஷை வந்துவிடும். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். "அவன் சின்னப்பையன். உனக்கு இன்னா வந்துது? நாளைக்கு இன்னொரு ஊட்டுக்குப் போறவ, டப்பாவை வெச்சிக்கினு ஒக்காந்திருக்கியே!"

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் டீயைத் துணியில் வடிகட்டினோம்.

கால்கள்தான் பெரும் பாடாக இருந்தன. கம்பியை வளைத்து வைத்தாள், ஐஸ் குச்சி வைத்துப் பார்த்தாள், எதுவும் அவளுக்குத் திருப்தியில்லை. "பறக்கும்போது உள்ள மடங்கி இருக்கணும். எறங்கும்போது நாலும் ஒண்ணா விரியணும்" என்பதே அவள் எண்ணம். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு காயலான் கடை இருந்தது. பழைய பேப்பர் போடப் போகும் சாக்கில் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். துருப்பிடித்த சைக்கிள் பாகங்கள், வயிறு பிளந்த ரேடியோக்கள், பழைய எண்ணெய் வாசனை. அக்கா ஒரு ஸ்பிரிங்கை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றார் கடைக்காரர்.

"ராக்கெட்டுண்ணா."

"ராக்கெட்டா? மேல போவுமா?"

"போவாது. எறங்கும்."

"எறங்கறதுக்கு இன்னாத்துக்குமா ராக்கெட்டு? கைய வுட்டா எல்லாந்தான் எறங்கும்."

"ஒடையாம எறங்கணும்ணா. எறங்கி நிக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "அத்தச் சொல்லு" என்றார். பேச்சோடு பேச்சாக, காலடியில் கிடந்த ஒரு கிழிந்த குடையை ஓரமாக எட்டி உதைத்தார். அது உருண்டு, பாதி விரிந்து, கம்பிகளை ஊன்றி நின்றது.

அக்கா ஸ்பிரிங்கைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்தக் குடையைக் காசு வாங்காமலேயே கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் துணியைக் கிழித்தெறிந்தாள். எட்டுக் கம்பிகளில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கைக் கழற்றினாள். மீதி நான்கை அரைச்சாண் நீளத்துக்கு அப்பாவின் பழைய குறடால் நறுக்கி, முனையை அரத்தால் தேய்த்தாள். குடைக்குள் ஏறி இறங்குமே ஒரு வளையம், அதில் மீன்பிடி நரம்பைக் கட்டி டப்பாவின் உள்ளே விட்டு மேலே எடுத்தாள். நரம்பை இழுத்தால் வளையம் ஏறும், நான்கு கால்களும் ஒன்றாக விரியும். முழுக்க விரிந்தால் வயிறு தரையில் பட்டுவிடும் என்று, பாதியில் நிற்க ஒரு மரத்துண்டைத் தடையாக வைத்தாள். எதையும் பசை போட்டு ஒட்டவில்லை. எல்லாம் கம்பி முறுக்கும் திருகாணியும்தான். "ஒட்டிட்டா அப்புறம் தப்பைத் திருத்த முடியாதுடா" என்றாள். கடைசியில் சைக்கிள் கடையிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி சில்வர் பெயின்ட் வாங்கி வந்து பூசியபோது, நான் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தேன். அது தலைமேல் போனது. இன்றுவரை எனக்குக் கிடைத்த பொருள்களில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

ஆகஸ்டில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான்" என்றேன். முதல் ஆளிடம் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் ஒட்டியது. பத்தாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பரிசுக்குத் தேர்வு செய்ய வந்தவர் அப்பாவின் தொழிற்சாலையில் ஓர் உயரதிகாரி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எரிமலை, மழைமானி, நீராவி இயந்திரம் எல்லாவற்றையும் தாண்டி என் மேசைக்கு வந்தார். நரம்பை இழுத்தார். கால்கள் விரிந்தன. மறுபடி விட்டு, மறுபடி இழுத்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மாறியது.

"இந்த மெக்கானிசம் நீ பண்ணதா தம்பி?"

"ஆமா சார்."

"பாதியில எப்படி நிக்குது?"

எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் வாய் வரவில்லை. அவர் கலத்தைத் திருப்பி, எஞ்சினின் நடுவில் இருந்த கனமான, வழவழப்பான உலோகத் துண்டைத் தொட்டார். "இது லேத்துல கடைஞ்ச பீஸ். எங்கேருந்து வந்தது?"

"தெரியாது சார்." அது உண்மைதான். அக்கா அதை எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

"அப்பா எங்க வேலை பாக்கறார்?"

சொன்னேன். அவர் கூட வந்த தலைமையாசிரியரைப் பார்த்தார். அடுத்த அரைமணியில், நானும் என் கலமும் தலைமையாசிரியர் அறையில் இருந்தோம். வேலையிலிருந்து பாதியில் கூப்பிட்டனுப்பப்பட்ட அப்பா, எண்ணெய்க்கறை படிந்த காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"இதை நீங்க பண்ணிக் குடுத்தீங்களா?" என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவில்லை.

"இல்ல சார். இதை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"உங்க வீட்டுல இருக்கற பொருளை நீங்க இப்பத்தான் பாக்கறீங்க?"

அக்கா இருந்த பக்கமே அப்பா மூன்று மாதமாகத் திரும்பவில்லை என்பதை ஓர் அதிகாரியிடம் எப்படிச் சொல்வார்? "சார், நான் ஒரு போல்ட்டுகூட வெளியில எடுத்தது இல்ல சார்" என்றார். கையை விரித்துக் காட்டினார். அந்தக் கையை நான் பார்த்தேன். வாஷரைக் காகிதத்தில் மடித்த அதே கை.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "அக்கா பண்ணது சார். நான் பொய் சொன்னேன். அக்காதான் பண்ணது."

"அக்காவா?" அதிகாரி சிரிக்கவில்லை என்றாலும் நம்பவும் இல்லை. "சரி, வரச்சொல்லுங்க."

பியூன் சைக்கிளில் போனார். அக்கா தாவணியை இழுத்துச் செருகியபடி உள்ளே வந்தாள். மாவாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், முழங்கைவரை வெள்ளை காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த கலத்தைப் பார்த்தாள். விஷயம் என்னவென்று அறையிலிருந்த அறிவியல் டீச்சர் நான்கு வார்த்தையில் சொன்னார்.

அக்கா பின்னலிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இது டீ வடிகட்டி சார். இவன் அடி வாங்கினது இதுக்குத்தான். இது மண்ணெண்ணெய்ப் புனல். இது டார்ச் கண்ணாடி. இது ரெண்டும் பவுடர் டப்பா, உள்ள மோந்து பாத்தா இன்னும் வாசனை வரும். இது ஸ்டவ் குழாய். காலு குடைக்கம்பி, காயலான் கடை அண்ணன் குடுத்தது, வேணும்னா கேட்டுப் பாருங்க." ஒவ்வொன்றாக மேசைமேல் வரிசையாக வைத்தாள். நான் இரண்டு மாதம் அண்ணாந்து பார்த்த விண்கலம், பரணிலிருந்து இறக்கிய குப்பை போலக் கிடந்தது. கடைசியில் அந்தக் கனமான துண்டை வைத்தாள்.

"இது குக்கர் வெயிட்டு சார். பழைய குக்கரோடது."

அதிகாரி அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "குக்கர் வெயிட்டா?"

"எங்க வீட்டுலயும் இருக்கு சார்" என்றார் அறிவியல் டீச்சர். "உங்க வீட்டுலயும் இருக்கும். சமையல்கட்டுல."

தலைமையாசிரியர் இருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அதிகாரியின் முகம் சிவந்தது. பிறகு, நல்ல மனிதர், அவரே சிரித்துவிட்டார்.

"இதை நீயா எடுத்தே?" என்று நான் அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"அம்மா குடுத்தாங்க" என்றாள். "கல்லு மேல வெச்சிட்டுப் போயிட்டாங்க. ஸ்டவ் குழாயும்தான். ஒண்ணும் சொல்லல."

என்னை அடித்த அம்மா. ஃபெயிலான பெண் என்ன ஆவாளோ என்று பயந்து மாமாவுக்குக் கடிதம் போட்ட அதே அம்மா. அவள் எந்த மனநிலையில் அந்தக் குக்கர் வெயிட்டைக் கொண்டுவந்து துவைக்கும் கல்லின்மேல் வைத்திருப்பாள் என்று நான் அவள் இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"திரும்ப மாட்டிக் காட்டுவியாம்மா?" என்றார் அதிகாரி. அக்கா மாட்டினாள். படம் பார்க்கவில்லை, அளக்கவில்லை. கை எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. அப்பா ஒரு எட்டு முன்னால் வந்து நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கலம் மறுபடி எழுந்தது. நரம்பை இழுத்தாள், நின்றது.

"என்ன படிக்கிறே?"

"பத்தாவது ஃபெயில் சார்."

அதிகாரி எழுந்து அப்பாவிடம் வந்தார். "தப்பா நெனச்சிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தப் பள்ளியில் படிக்காதவள் செய்தது என்பதால் பரிசு இல்லை. பொய் சொன்னதற்காக எனக்கு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கும் தண்டனை. நான் சந்தோஷமாகவே நின்றேன். அக்டோபரில் அக்கா இரண்டு பாடமும் எழுதித் தேறினாள். பணம் கட்டும் வரிசையில் அப்பாவே போய் நின்றார். மாமாவுக்கு "இப்ப வேணாம்" என்று அவரே கடிதம் எழுதினார். மறுவருடம் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் எந்திர வரைபடப் பிரிவில் சேர்ந்தாள். பிறகு பக்கத்து ஊரான பாடியில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் வரைபடம் போட்டாள், அங்கேயே தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள், பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் வீடு கட்டிக்கொண்டாள். கலம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது வண்டியில் ஏற்றியது நினைவிருக்கிறது, இறக்கியது நினைவில்லை. அக்காவிடம் கேட்டால் "போனாப் போவுது, நல்லா நின்னுச்சில்ல" என்கிறாள்.

அப்பா பேசாமல் இருந்த அந்த மூன்று மாதத்தை வெகுகாலம் நான் கோபம் என்றே நினைத்திருந்தேன். கடைசிக் காலத்தில் அவரே ஒருநாள் சொன்னார், எட்டாவதோடு நின்றவன் நான், ஃபெயிலான பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் சும்மா இருந்துவிட்டேன் என்று. இத்தனை நாள் தவறாக நினைத்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கென்னடா" என்று கையை ஆட்டினார்.

இவ்வளவும் சொன்னபிறகு, பள்ளியிலிருந்து வீடு திரும்பிய அந்தச் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டால் எதுவுமே சொல்லாத மாதிரி.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் அக்கா கலத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி வந்தாள். நான் பத்தடி பின்னால், வீட்டில் கிடைக்கப்போகும் உதையை எண்ணிக்கொண்டு வந்தேன். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்த்தொட்டியைத் தாண்டும்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா," என்றார். "காலை ஏன் வெளிப்பக்கம் சாய்ச்சே?"

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அக்கா நடையை நிறுத்தவில்லை.

"நேரா வெச்சா... ஒரு கால் பள்ளத்துல எறங்கினாப் போதும்பா, மொத்தமும் கவுந்துடும். அகலமா வெச்சா தாங்கும்."

"ம்." நாலு எட்டு நடந்தார். ஃபிட்டர் மூளை விடவில்லை. "அப்படின்னா மூணு கால் போதுமே. மூணு கால் வெச்சா எந்த மேட்டுலயும் ஆடாது. நாலு வெச்சா ஒண்ணு தூக்கிக்கும். மூணுதானே வெச்சிருக்கணும்?"

அக்கா கலத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடையில எட்டுக் கம்பிதானேப்பா. ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா நாலு வரும். எட்டுல சமமா மூணு எப்படிப்பா எடுக்கறது?"

அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு, நான் அதுவரை அவரிடம் கேட்டேயிராத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அட, ஆமாம்மா," என்றார். "எனக்கு அது தோணலியே."